ஆம்புலன்ஸுக்கு வழி விட்டதற்குத் தண்டப்பணமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் தெற்கு லண்டனில் இருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணியளவில் மனைவி, பிள்ளைகளுடன் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஆம்புலன்ஸ் சைரனோடு வந்தது. அதற்கு வழி விட இடப்பக்கத்தில் இருந்த பஸ் லேனுக்குள் ஒதுங்கினேன். அது போனதும் உடனே வெளியே வந்துவிட்டேன். இப்போது 160 பவுண்டு கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. 14 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் லேன் வேலை செய்யாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். மினிகேப் (முன்பதிவு வாடகைக் கார்) ஓட்டும் என் மைத்துனர், "நாங்கள் போய்வருகிறோமே" என்கிறார். மகன் இணையத்தில் இருந்து ஒரு மறுப்புக் கடிதம் எடுத்துத் தந்திருக்கிறான். மனைவியோ, "80ஐக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிற நேரத்தில் வம்பு வேண்டாம்" என்கிறாள். எதிர்த்து எழுதலாமா, கட்டிவிடுவதா?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, "பணம் கட்டாதீர்கள், எதுவும் எழுதவும் வேண்டாம், முதலில் நோட்டீஸுக்கு ஆதாரமான கேமரா வீடியோவைப் பாருங்கள்" என்று இரண்டு வரி அனுப்பியிருந்தேன். பார்த்துவிட்டு மறுநாளே விவரம் எழுதினீர்கள். தேதி ஓடிக்கொண்டிருப்பதால் இந்தப் பதிலையும் அச்சுக்குப் போகுமுன் உங்களுக்குத் தனியாக அனுப்பிவைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மனைவியின் பயத்தில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் நம்மவர்களில் பலர் பேசாமல் பணத்தைக் கட்டிவிடுவதற்கு அந்தப் பயம்தான் காரணம். பஸ் லேனுக்காக வரும் பி.சி.என். (தண்டப்பண நோட்டீஸ்) ஒரு சிவில் தண்டம். போலீஸ் வழக்கோ குற்றப்பதிவோ கிடையாது. ஓட்டுநர் உரிமத்தில் பாயிண்டும் ஏறாது. அதை எதிர்த்து எழுதுவதும் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் சாதாரண உரிமை. அதற்காக யாரும் உங்களைக் குறித்துவைக்கப் போவதில்லை. குடியுரிமைப் படிவத்தில் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை என்பதை மட்டும் உங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், அது என் துறை இல்லை. ஆனால் பி.சி.என்.னைக் கவனிக்காமல் விட்டுவிடுவதுதான் உண்மையான ஆபத்து. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். அதில் மூன்று நியாயங்கள் இருக்கின்றன: ஞாயிற்றுக்கிழமை, மைத்துனர் சொன்னது, ஆம்புலன்ஸ். முதல் இரண்டையும் மறுப்புக் கடிதத்தில் எழுதவே கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி நீங்கள் நினைத்திருந்தது ஒரு காலத்தில் பல சாலைகளில் சரியாக இருந்தது. திங்கள் முதல் சனி வரை, காலை 7 முதல் இரவு 7 வரை என்று எழுதிய நீலப் பலகைகளை நாமெல்லாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆனால் சிவப்புக் கோடு போட்ட பெரிய சாலைகளில், அதாவது லண்டன் போக்குவரத்து அமைப்பான டி.எஃப்.எல். பராமரிக்கும் ரெட் ரூட்களில், 2020இல் சோதனையாக நேரத்தை மாற்றினார்கள். 2021 டிசம்பரில் அதை நிரந்தரமாக்கினார்கள். அன்று முதல் அந்தச் சாலைகளில் உள்ள பெரும்பாலான பஸ் லேன்கள் வாரத்தில் ஏழு நாளும், நாளில் 24 மணி நேரமும் நடைமுறையில் இருக்கின்றன. பலகையில் நேரம் எதுவும் எழுதியிருக்காவிட்டால் எந்நேரமும் என்று அர்த்தம். நீங்கள் போன சாலையும் அந்த வகைதான். கவுன்சில் சாலைகளில் இன்றும் பழைய நேரங்கள் இருக்கின்றன, ஒரே பயணத்தில் இரண்டு விதமான பஸ் லேனையும் கடக்க நேரிடும். குழப்பம் வருவது இயல்பு. ஆனாலும் "ஞாயிறு என்று நினைத்தேன்" என்று நீங்கள் எழுதினால், தெரிந்தே, வேண்டுமென்றே பஸ் லேனில் ஓட்டினேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். ஆம்புலன்ஸ் கதை அதோடு அடிபட்டுப் போகும். ஒதுங்கியது ஆம்புலன்ஸுக்காகவா, அல்லது ஞாயிறுதானே என்று சாவகாசமாகப் போனீர்களா என்று வாசிப்பவர் கேட்பார்.

மைத்துனர் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. பஸ் லேனில் ஓட அனுமதி இருப்பது பிளாக் கேப்களுக்கு, அதாவது தெருவில் கைகாட்டி ஏறும் டாக்ஸிகளுக்கு. மினிகேப்கள் பயணியை ஏற்றவோ இறக்கவோ நிற்கும்போது ரெட் ரூட்களில் சலுகை உண்டே தவிர, நெரிசலைத் தாண்டிப் போக அந்தத் தடத்தைப் பயன்படுத்த முடியாது. இந்த விஷயம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் முடிந்துவிட்டது. 2010 அக்டோபரில் கேம்டன் கவுன்சில் எல்லைக்குள், சவுத்தாம்டன் ரோ சாலையில், பஸ் லேனில் சென்ற இரண்டு மினிகேப்களுக்கு வந்த பி.சி.என்.களை அடிசன் லீ குழுமத்தைச் சேர்ந்த ஈவன்டெக் என்ற நிறுவனம் எதிர்த்தது. பிளாக் கேப்களுக்கு மட்டும் சலுகை தருவது சட்டவிரோத அரசு உதவி என்பது அவர்கள் வாதம். 2015 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்காமல் தீர்ப்புச் சொன்னது. மைத்துனருக்கு இதுவரை நோட்டீஸ் வராதது அவரது அதிர்ஷ்டம். அவரையும் கவனமாக இருக்கச் சொல்லுங்கள், மினிகேப் ஓட்டி வாழ்பவர்களுக்கு ஒரு மாதத்தில் இரண்டு பி.சி.என். என்பது ஒரு கிழமைச் சம்பளம்.

ஆக, உங்கள் வழக்கு முழுக்க ஆம்புலன்ஸில்தான் நிற்கிறது. இங்கேதான் வீடியோ முக்கியம்.

நீங்கள் எனக்கு முதலில் எழுதியது: "அது போனதும் உடனே வெளியே வந்துவிட்டேன்." வீடியோவைப் பார்த்தபின் எழுதியது: மொத்தம் 14 வினாடி. தொடங்கும்போதே உங்கள் கார் பஸ் லேனுக்குள் இருக்கிறது. மூன்றாவது வினாடியில் நீல விளக்கோடு ஆம்புலன்ஸ் வலப்பக்கமாகக் கடந்து போகிறது. அதற்குப் பின்னும் 11 வினாடி நீங்கள் பஸ் லேனிலேயே மெதுவாகப் போகிறீர்கள். வலப்பக்கத் தடத்தில் கார்கள் ஒன்றோடொன்று ஒட்டி நகர்கின்றன.

நீங்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பின்னால் சைரன், காருக்குள் பிள்ளைகள், அந்தப் பதற்றத்தில் யாருக்கும் நேரம் சுருங்கித்தான் நினைவில் நிற்கும். என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேரின் நினைவுக்கும் வீடியோவுக்கும் இப்படி ஒரு இடைவெளி இருக்கும். ஆனால் "உடனே" என்ற அந்த ஒரு சொல்லோடு கடிதம் போயிருந்தால், அங்கே இருக்கும் அதிகாரி வீடியோவை ஓட்டிப் பார்த்து, 11 வினாடியை எண்ணி, மற்றதையும் நம்பாமல் நிராகரித்திருப்பார். மகன் எடுத்துத் தந்த இணையக் கடிதத்திலும் இதே ஆபத்துதான். அது எந்த வீடியோவையும் பார்க்காமல் எழுதப்பட்டது. அதில் பலகை சரியில்லை, கோடு அழிந்திருக்கிறது, கேமராவுக்கு அங்கீகாரம் இல்லை என்று எல்லாமே இருக்கிறது. உங்கள் சாலையில் பலகையும் கோடும் தெளிவாக இருப்பது நீங்கள் அனுப்பிய படத்திலேயே தெரிகிறது.

பலகை பற்றிய வாதம் செல்லவே செல்லாது என்று நான் சொல்லவில்லை. மரக்கிளை மறைத்திருந்தால், லாரி நின்று மறைத்திருந்தால், வளைவில் திரும்பியதும் பலகையே இல்லாமல் தடம் தொடங்கினால், அது நல்ல வாதம். அப்படி இருப்பவர்கள் ஓட்டுநர் இருக்கையில் இருந்து தெரியும் கோணத்தில், அதே வழியில், படங்கள் எடுத்து அனுப்ப வேண்டும். ஆனால் விதிப்படியான பலகை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தால், "நான் கவனிக்கவில்லை" என்பது எடுபடாது. ஆக்ஸ்ஃபோர்டில் பேருந்துகளுக்கு ஒதுக்கிய சாலைப் பகுதி ஒன்றில், பலகைகள் போதாது என்று தீர்ப்பாளர் ஒருவர் ஓட்டுநர்கள் பக்கம் முடிவு சொன்னார். கவுன்சில் உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2010இல் அதை மாற்ற வைத்தது. அதற்குப் பிறகு பலகை வாதத்தை வெறும் வாயால் வெல்வது கஷ்டம்.

சரி, ஆம்புலன்ஸுக்கு வழி விட்டால் பஸ் லேனுக்குள் போகலாமா? பிரிட்டனின் சாலை விதிநூலான ஹைவே கோடின் 219ஆவது விதி, அவசர வாகனத்துக்கு வழி விடு, ஆனால் போக்குவரத்துக் குறிகளுக்கும் கட்டுப்படு என்கிறது. ஆம்புலன்ஸ் வந்தது என்பதற்காகத் தானாகவே மன்னிப்புக் கிடைத்துவிடாது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். அதே சமயம், வேறு வழியில்லாத சூழ்நிலையில், விபத்தைத் தவிர்க்க அல்லது தடையை விலக்கக் கொஞ்ச தூரம் உள்ளே போனவர்களின் பி.சி.என்.கள் ரத்தாவது நடப்பதுதான். பார்ப்பவர்கள் இரண்டே கேள்வி கேட்பார்கள். உள்ளே போனது அவசியமா? வெளியே வர முடிந்த முதல் சந்தர்ப்பத்தில் வந்தாரா?

முதல் கேள்விக்குப் பதில் வீடியோவிலேயே இருக்கிறது, ஆம்புலன்ஸ் தெரிகிறது. ஆனால் நீங்கள் உள்ளே நுழைந்த கணம் அதில் இல்லை. அதனால் கடிதத்தில், "பதிவு தொடங்குமுன் இருக்கும் பகுதியையும் தாருங்கள்" என்று தெளிவாகக் கேளுங்கள். உங்கள் காரில் டாஷ்கேம் இருந்தால் இன்றே அந்தப் பதிவை வேறிடத்தில் சேமித்து வையுங்கள், பெரும்பாலான டாஷ்கேம்கள் பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு, அந்த 11 வினாடிதான் உங்கள் பலவீனம். அதை ஒளிக்காதீர்கள். நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வலப்பக்கத்தில் கார்கள் இடைவெளி இல்லாமல் நகர்வது வீடியோவில் தெரிகிறது என்றீர்கள். ஆம்புலன்ஸ் பின்னாலேயே வண்டிகள் நெருக்கிக்கொண்டு போவது லண்டனில் தினமும் பார்ப்பதுதான். நடுத்தெருவில் திடீரென்று நின்றால் பின்னால் பஸ் வந்து முட்டும், பலவந்தமாக வலப்பக்கம் நுழைந்தால் மோதல். அதனால் மெதுவாகப் போய், கிடைத்த முதல் இடைவெளியில் திரும்பினீர்கள். இதுதான் உண்மை என்றால் இதை அப்படியே எழுதலாம். ஆனால் அந்த 11 வினாடிக்குள் ஒரு இடைவெளி வந்து, நீங்கள் அதை விட்டுவிட்டு முன்னால் போயிருந்தால், சொல்லுங்கள், என் ஆலோசனை மாறும். அப்படியென்றால் 80ஐக் கட்டிவிடுவதே நல்லது. இன்னும் ஒருமுறை, ஒவ்வொரு வினாடியாக நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். அதன் சாரம் இப்படி இருக்கட்டும்:

"குறிப்பிட்ட நாளில் சைரனோடும் நீல விளக்கோடும் பின்னால் வந்த ஆம்புலன்ஸுக்கு வழி விட பஸ் லேனுக்குள் ஒதுங்கினேன். உங்கள் பதிவின் மூன்றாவது வினாடியில் அது என்னைக் கடப்பது தெரிகிறது. அதன்பின் 11 வினாடி நான் தடத்தில் இருந்தேன். அந்த நேரம் முழுவதும் வலப்பக்கத் தடத்தில் வாகனங்கள் இடைவெளியின்றி இருந்ததையும் பதிவு காட்டுகிறது. பாதுகாப்பாகத் திரும்ப முடிந்த முதல் இடத்தில் திரும்பினேன். யாரையும் முந்தவில்லை, எந்தப் பேருந்தும் தாமதமாகவில்லை. நான் தடத்தில் நுழைவதைக் காட்டும் முந்தைய பகுதியையும் அனுப்பும்படி கேட்கிறேன். மீறல் நடக்கவில்லை என்பது என் நிலைப்பாடு. அதை ஏற்காவிட்டாலும், சூழ்நிலையைக் கருதி உங்கள் விருப்புரிமையைப் பயன்படுத்தி ரத்துச் செய்யும்படி வேண்டுகிறேன்."

யாரையும் முந்தவில்லை, பேருந்து இல்லை என்பதெல்லாம் வீடியோவில் அப்படி இருந்தால் மட்டும் எழுதுங்கள். மனைவி கூட இருந்ததால் அவரும் கண்டதை நாலு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சேர்க்கலாம். பிள்ளைகளின் பசி, வேலைச் சிரமம், இருபது வருடம் பி.சி.என். வாங்காத பெருமை, இவற்றைச் சேர்க்க வேண்டாம். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

அந்தக் கடைசி வரியில் இருக்கும் விருப்புரிமை என்ற சொல் முக்கியம். சூழ்நிலையைப் பார்த்து இரக்கம் காட்டும் அதிகாரம் நோட்டீஸ் அனுப்பிய அமைப்பிடம்தான் இருக்கிறது. மேல்முறையீட்டுக்குப் போகும் தீர்ப்பாயம் சட்டம் சொல்லும் காரணங்களுக்குள் நின்றுதான் முடிவு சொல்லும், பாவம் என்பதற்காக ரத்துச் செய்ய முடியாது. அதனால் இந்த முதல் கடிதத்திலேயே இரண்டையும் கேட்டுவிட வேண்டும்.

இப்போது பணக் கணக்கு. நோட்டீஸில் அச்சாகி இருக்கும் தேதியையே முதல் நாளாக வைத்து எண்ணுங்கள், கையில் கிடைத்த நாளை விடுங்கள். 14 நாளுக்குள் 80. அதன்பின் 28 நாள் வரை 160. நீங்கள் 14 நாளுக்குள் மறுப்பு எழுதினால், அதை நிராகரித்தாலும் பெரும்பாலும் மறுபடி 80க்கு ஒரு வாய்ப்புத் தருவார்கள். இது சட்டக் கட்டாயம் இல்லை, வழக்கம். உங்களுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இணையத்தில் பதிவேற்றி, வந்த உறுதிப்படுத்தும் எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம்: பணத்தைக் கட்டிவிட்டு எதிர்த்து எழுதலாம் என்று நினைக்காதீர்கள். கட்டினால் வழக்கு முடிந்தது.

நிராகரித்தால், அந்தக் கடிதத்தோடு லண்டன் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யும் வழியும் வரும், அதற்கு 28 நாள். கட்டணம் இல்லை. அங்கே முடிவு சொல்பவர்கள் கவுன்சிலுக்கோ டி.எஃப்.எல்.லுக்கோ கட்டுப்படாத சட்டத்தரணிகள். தொலைபேசியிலேயே பேசலாம், உங்களுக்காகப் பேச இன்னொருவரையும் வைத்துக்கொள்ளலாம். தோற்றால் 80க்குப் பதில் 160 கட்ட வேண்டியிருக்கும். அநியாயமாக, வம்புக்காகவே வழக்காடினால் ஒழிய எதிர்த்தரப்புச் செலவு உங்கள் தலையில் விழாது. ஆக, நீங்கள் பணயம் வைப்பது 80 பவுண்டு. முந்தைய பகுதி வீடியோ வந்து, அதில் ஆம்புலன்ஸ் பின்னால் வருவதும் நீங்கள் ஒதுங்குவதும் தெரிந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் தீர்ப்பாயம் வரை போவேன். அந்தப் பகுதி இல்லை என்று சொல்லிவிட்டால், மறுபடி தரும் 80ஐக் கட்டிவிட்டு முடித்துக்கொள்வேன். இதில் வேறு கருத்துள்ளவர்கள் இருக்கலாம், ஆனால் நான் என் தம்பிக்குச் சொல்வதும் இதைத்தான்.

கவனிக்காமல் விடுவதன் ஆபத்தைச் சொல்கிறேன் என்றேன். பணமும் கட்டாமல் மறுப்பும் எழுதாமல் விட்டுக்கொண்டே இருந்தால் 160இன் மேல் பாதி ஏறி 240 ஆகும். பிறகு நார்தாம்டனில் உள்ள போக்குவரத்து அமலாக்க மையத்தில் கடனாகப் பதிவாகும். அதற்குப் பிறகு கடனை வசூலிக்க பெய்லிஃப் என்ற அமலாக்க அதிகாரி வருவார். 2014ஆம் ஆண்டு விதிகளின்படி அவர்கள் கடிதம் போட்டாலே 75 பவுண்டு, கதவைத் தட்ட வந்தால் மேலும் 235 என்று கட்டணம் வைத்தார்கள். 80 பவுண்டில் முடிந்திருக்க வேண்டியது 500ஐத் தாண்டி நிற்பதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே காரணம்: வீடு மாறியபோது காரின் லாக் புக்கில் (பதிவுச் சான்றில்) முகவரியை மாற்றவில்லை. நோட்டீஸ் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும். பழைய வீட்டில் வாடகைக்கு வந்தவர் கடிதங்களைக் குப்பையில் போட்டுவிட்டார், இவர்களுக்குப் பெய்லிஃப் வரும்வரை ஒன்றும் தெரியாது. ஒரு அம்மா, கணவர் இறந்தபின் அவர் பெயரிலேயே இருந்த காரை மகள் ஓட்டியதால் வந்த மூன்று பி.சி.என்.களோடு என்னிடம் வந்தார். கையெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நிலைக்கு வந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. நோட்டீஸ் எனக்குக் கிடைக்கவே இல்லை என்று நார்தாம்டன் மையத்துக்கு உறுதிமொழி கொடுத்தால், வழக்கு ஆரம்பத்துக்குத் திரும்பிப் போகும். கடனை அது அழிக்காது, மறுபடி முறையாகப் பதில் சொல்ல வாய்ப்புத் தரும். அதில் பொய் எழுதினால் அது குற்றம், அதனால் உண்மை என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்பதையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைக்க வேண்டும். மகனோ மகளோ ஓட்டினாலும் நோட்டீஸ் அப்பா பெயரில்தான் வரும், "நான் ஓட்டவில்லை" என்பது பதிலாகாது. இன்னொன்று, போனில் குறுஞ்செய்தியாக இணைப்போடு வரும் "பி.சி.என்." செய்திகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பஸ் லேன் நோட்டீஸ் தபாலில் வரும். கடைக் கார்ப்பார்க்கில் தனியார் கம்பெனி ஒட்டும் சீட்டுக்கும் பி.சி.என். என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் சட்டமும் மேல்முறையீட்டு வழியும் வேறு, இங்கே சொன்னது அதற்குப் பொருந்தாது.

தம்பி, வீடியோவை வினாடி வினாடியாகப் பார்த்துவிட்டு இடைவெளி பற்றிய உங்கள் பதிலை நாளைக்குள் எழுதுங்கள். கடிதத்தின் ஆங்கில வடிவத்தை அன்று மாலையே பார்த்துத் திருத்தித் தருகிறேன்.